மேல்மூலையில் ஒரு சொல்

அவர் ஒரு நாளிதழில் உடல்நலப் பக்கத்தை வடிவமைப்பவர். நிறுவனங்கள் பணம் கட்டிப் போடச் சொல்லும் கட்டுரைகளின் மேல்மூலையில் 'விளம்பரம்' என்று ஒரு சொல் இருக்கும். விளம்பர மேலாளர் மாதாமாதம் வந்து அதைச் சிறிதாக்கச் சொல்வார். கடைசியில், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவுக்கு அது வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் நேராகவே சொன்னார்.

"எடுத்துடுங்க."

"எதை?"

"அந்த வார்த்தையைத்தான். மூஞ்சியைச் சுளிக்காதீங்க, வருஷம் பூரா பக்கம் எடுத்திருக்கற பார்ட்டி."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆசிரியர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வடிவமைப்பாளர் சொல்லை அழித்தார். சர்க்கரை நோயை அடியோடு விரட்டும் பொடியைப் பற்றிய கட்டுரை, செய்திக்குரிய அதே எழுத்தில், மருத்துவர் பேட்டி போல வெளிவந்தது.

இரண்டு வாரத்தில் வடிவமைப்பாளரின் மாமனார் குளியலறையில் மயங்கி விழுந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைக் கரைத்துக் குடித்திருக்கிறார். மருத்துவமனை வராந்தாவில் மச்சான் வடிவமைப்பாளரின் சட்டையைப் பிடித்தான்.

"மாப்பிள்ளை பேப்பர்லயே வந்திருக்கு, அப்புறம் என்னடான்னாரு எங்கப்பா. அந்தப் பக்கம் நீங்க போட்டதுதானே?"

"நான் எழுதலை, அடுக்கினது மட்டும்தான்..."

"பேசாதீங்க," என்றாள் மனைவி. "வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாக்கு தேஞ்சா போயிருக்கும்?"

மறுநாள் அதே பொடிக்கு இரண்டாவது கட்டுரை வந்தது. பக்கத்தை முடித்து ஆசிரியரின் ஒப்புதல் வாங்கினார். அச்சுக்கு அனுப்பும் முன், 'விளம்பரம்' என்று தலைப்பைவிடப் பெரிதாகக் கறுப்பில் போட்டார்.

காலையில் மேலாளர் தாளைச் சுருட்டி அவர் மேல் எறிந்தார். "உங்கப்பன் வீட்டுப் பேப்பரா இது?"

"இல்ல. என் மாமனார் படிக்கற பேப்பர்."

ஆசிரியர் இப்போது அறையைவிட்டு வெளியே வந்தார். "நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல். பதினாறு வருட வேலை அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் வேறொருவர் வடிவமைத்த பக்கத்தில், மூலையில் எதுவும் இல்லாமல், மூன்றாவது கட்டுரை வந்தது.

வீடு திரும்பிய மாமனாரை வடிவமைப்பாளர் பார்க்கப் போனார்.

"வேலை போச்சாமே?"

"ஆமா மாமா."

"அது கெடக்கட்டும். உள்ளேயே இருந்தவர் நீங்க. இனிமே அதுல எந்தப் பக்கத்தை நம்பிப் படிக்கலாம், சொல்லுங்க."

அவர் ஒவ்வொரு பக்கமாக நினைத்துப் பார்த்தார். நம்பலாம் என்று ஒன்றுகூடத் தேறவில்லை. மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.