தேர் திரும்பும் வாசல்

"பஸ் ஏறிட்டேன் மதி. அரிசி மூட்ட ஒண்ணு இருக்குது. உன் ரூமப் பாத்துட்டு அப்படியே மேல்மலையனூர் போயிடறேன்."

அன்று அமாவாசை, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும் நாள் என்பதை வெண்மதி மறந்தே போயிருந்தாள்.

"நீ செஞ்சி பஸ் ஸ்டாண்டுலயே இரு நைனா. நானே வந்துடறேன்."

"இன்னாத்துக்கு? நீ வேலயப் பாரு."

போன் நின்றுவிட்டது. திரும்ப அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி லேபில் பயிற்சிக்கு வந்த புதிதிலேயே, எத்தனை மெலிந்த கையிலும் நரம்பைத் தேடிப் பிடித்துவிடுவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அன்று இரண்டு முறை ஊசியைத் தவறாகக் குத்தியதில் ஒரு கிழவர் முனகினார். சீனியர் ஜெயஸ்ரீ ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"இன்னா டென்ஷன் உனக்கு?"

"எங்க நைனா வர்றாரு."

ஜெயஸ்ரீக்குப் புரிந்துவிட்டது. வெண்மதி தங்கியிருந்த அறையைப் பார்த்துக் கொடுத்தவளே அவள்தான். அதற்கு முன் இரண்டு வீடுகளில் சாவி கைக்கு வரும் நேரத்தில், "எந்தத் தெரும்மா உங்க வீடு?" என்ற கேள்வி வந்தது. வெண்மதி உள்ளதைச் சொன்னாள். மறுநாள் இரண்டு வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்களாம், அறை இல்லையாம். மூன்றாவது, கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அரங்கநாதன் வீட்டு மாடி. அவர் மனைவி சாரதா அதே கேள்வியைக் கேட்டபோது, வெண்மதி சற்றும் தயங்காமல், "மாரியம்மன் கோயில் தெருக்கா" என்றாள். அன்றிலிருந்து மாடிப்படியில் சத்தம் கேட்டாலே எழுந்து கதவைத் தாழிட்டுவிடுவாள். இந்த அறையும் போனால் பயிற்சியை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"ஓடு. பஸ் ஸ்டாண்டுலயே மடக்கிடு" என்றாள் ஜெயஸ்ரீ.

பேருந்து நிலையத்தில் மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகளைச் சுற்றி எலுமிச்சம்பழப் பைகளோடு கூட்டம் நெருக்கியது. அதற்குள் நுழைந்து நுழைந்து தேடினாள். நைனா இல்லை. பாத்திரக்கடைக்காரர் வீடு என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் எனப் பெருமையாகச் சொல்லி வைத்தவள் அவளேதான். வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். தெருமுனைக்கு மேலே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் அந்தப் பாறைகள் எந்த நேரமும் உருண்டுவிடும் போலிருந்தன.

அவள் அப்பா கோவிந்தசாமி வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, காலடியில் அரிசி மூட்டை. செருப்பைத் தெரு ஓரமாகவே கழற்றி விட்டிருந்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் சாரதா.

"தோ, உங்க பொண்ணே வந்துடுச்சு. மூட்டயத் தூக்கிட்டு இந்த வெயில்ல வந்திருக்காரு, உள்ள வந்து உக்காருங்கன்னா மாட்டேங்கறாரும்மா." சாரதா சிரித்தாள். "மாரியம்மன் கோயில் தெருன்னு பாப்பா சொல்லுச்சு. கோயிலுக்குக் கிட்டயேவா உங்க வீடு?"

கோவிந்தசாமி மகளைப் பார்த்தார். வெண்மதி தலையைத் தூக்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் அவர்களைக் கடந்து போனது.

"கிட்டத்தாங்கம்மா" என்றார் அவர். குரல் தெளிவாக இருந்தது. "நேர் எதிர்ல. ஆடி மாசம் தேரு எங்க வாசல்லதான் திரும்பும்."

"குடுத்து வெச்சவங்க" என்று சொல்லிச் சாரதா கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெண்மதி தலையைத் தூக்கினாள். ஒவ்வொரு ஆடியிலும் தேர் கடைவீதி முனையோடு திரும்பிவிடும். தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம் நின்று, அதன் உச்சிக் குடையை மட்டும் பார்த்துக் கும்பிடுவார் நைனா. தோளில் இவள் உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். இவளுக்காக.

"தேரு எங்க பக்கம் வராதுக்கா."

சாரதா திரும்பினாள்.

"நாங்க காலனி. நான்தான் மாத்திச் சொன்னேன். அவரு எனக்காகச் சொல்றாரு."

சாரதாவின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அவள் பார்வை மூட்டைமேல் விழுந்து, கழற்றிப் போட்ட செருப்புக்குப் போனது.

"எங்க வீட்டுக்காரரு சாப்பாட்டுக்கு வருவாரு" என்று கடைசியில் சொன்னாள். "வரட்டும்."

மாடிப்படி வெளிப்பக்கம். வெண்மதி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக அதை மேலே ஏற்றி அறைக்குள் வைத்தார்கள். பாய், பக்கெட், கொடியில் வெள்ளைக் கோட்டு. நைனா அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார்.

"நல்ல காத்து வருது" என்றார். பிறகு, "ஏம்மா சொன்ன? நான்தான் சமாளிச்சிட்டேன் இல்ல?"

"தேரு வாசல்ல திரும்புதுன்னு சொன்னியே நைனா."

அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. சாரதாவின் குரல் தாழ்வாக எழுந்தது. இடையில் அரங்கநாதனின், "எப்ப? யாரு சொன்னா?" மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

கோவிந்தசாமி மூட்டையருகே குந்தி, அதன் சணல் முடிச்சில் விரலை வைத்தார்.

"அவுக்கட்டுமா மதி, வேணாமா? கட்டு பிரிக்கலன்னா திரும்பத் தூக்கிட்டுப் போவ சுளுவா இருக்கும்."

மாடிப்படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தது.

வெண்மதி கதவருகே போய் அதை அகலத் திறந்து வைத்தாள்.

"அவுத்துடு நைனா" என்றாள்.