மூன்றாம் மாடியில் குவாந்திக்

சுரங்கம் வெடித்த அன்று காலை அந்தக் கஸாக் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லை. கையில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டிப் பொட்டலத்தோடு கூட்டத்தை முண்டியடித்து முன்னால் வந்தாள் குலாஷ். வரவேற்பு மேசையில் இருந்த ஜனார், குலாஷின் புருஷன் குவாந்திக்கின் பெயரைக் கணினியில் தட்டினாள்.

"அக்கா, இங்க அப்படி யாரும் வரல."

"இன்னொரு தடவை பாரும்மா. ஆம்புலன்ஸ்ல ஏத்துனதைப் பாத்தவங்க இருக்காங்க."

"பாத்துட்டேன்க்கா. பக்கத்து ஊருக்குக் கொண்டு போயிருப்பாங்க. போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க."

பனிக்காற்றில் பஸ் பிடித்துப் போனாள் குலாஷ். இப்படிப் பலரைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் ஜனாருக்குச் சந்தேகம் தட்டியது. ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் எழுதும் சயாத் இருந்த பின்னறைக்குப் போய்க் கத்தினாள்.

"சயாத் அண்ணே, என்ன எழவு புரோகிராம் இது? கோவல்யோவ்னு ருஷ்யப் பேரத் தட்டினா துள்ளிக்கிட்டு வருது. நம்ம கஸாக் ஆளுங்க பேரு பாதிக்கு மேல வரவே மாட்டேங்குது!"

சயாத் தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். முந்தின ராத்திரிதான் தேடலை மாற்றியிருந்தான். தட்டிய பெயரை அப்படியே கேள்வியோடு ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்பினால் விஷமிகள் புகுந்துவிடுவார்கள் என்று, பெயரைக் கேள்வியில் கலக்காமல் தனி அளவுருவாக அனுப்பும்படி செய்தான். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அளவுரு எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூனிகோட் என்று சொல்லாமல் பழைய வகையாக விட்டுவிட்டான். ருஷ்ய எழுத்துகளை மட்டும் தாங்கும் வகை அது. குவாந்திக்கின் முதல் எழுத்தைப் போலக் கஸாக் மொழிக்கே உரிய எழுத்து வந்தால் கேள்விக்குறியாக்கிவிடும். கேள்விக்குறியைத் தேடினால் மனுஷன் எப்படிக் கிடைப்பான்? சோதனைக்கு அவன் போட்டுப் பார்த்தது தன் பெயரை. அதில் அப்படி ஓர் எழுத்தும் கிடையாது. பேசுவது கஸாக், சோறு போடுவதும் கஸாக் ஊர், இன்னொரு பெயரைப் போட்டுப் பார்க்கத்தான் துரைக்குச் சோம்பல்.

வகையை மாற்றினான். ஜனார் மறுபடி தட்டினாள். குவாந்திக் உடனே வந்தார்: மூன்றாம் மாடி, தீக்காயப் பிரிவு.

குலாஷ் குடுத்த போன் நம்பரை வாங்கிக்கொண்டு சயாத் படியேறி ஓடினான். கட்டிலில் முகத்தை மூடியிருந்தார்கள்.

"இப்பதான் போனாரு," என்றாள் நர்ஸ். "நல்லா நினைவு இருந்துச்சு. வீட்டுக்காரி வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அங்கேயே நின்று குலாஷுக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கினான்.

"தம்பி, இங்கயும் இல்லன்னுட்டாங்க!" அவள் குரலில் சந்தோஷம். "லேசான அடியாத்தான் இருக்கும். மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, இல்ல?"

"அக்கா... காலையிலேருந்து அவர் இங்கதான் இருந்தாரு. என் தப்பு. இப்பதான் உயிர் போச்சு."



"நானும் காலையில அங்கதானேப்பா நின்னேன்," என்றாள்.