புதுவெளி எடுத்த மாப்பிள்ளை

தவறணையில் அன்றைக்குக் கள்ளை விடச் சீவரத்தினத்தின் கோபந்தான் அதிகமாகப் பொங்கியது.

"மாப்பிள்ளை எடுக்கிறாங்களாமடா, மாப்பிள்ளை!" என்று இருந்த வாங்குப் பலகையில் ஓங்கி அறைந்தார். "ஒரு உதைபந்தாட்டக்காரனை வாங்கிறதுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளையையும் வீட்டையும் சேர்த்துக் குடுக்கிறாங்கள், வெட்கம் கெட்டவங்கள்."

அவருடைய ஊர்க் கழகமான கொன்றையடி ஐக்கியம் எத்தனையோ வருடங்கள் இரண்டாம் பிரிவில் கிடந்து புழுதி தின்றுவிட்டுப் போன பருவத்தில்தான் முதலாம் பிரிவுக்கு ஏறியது. ஏற்றிவிட்டவன் தனோஜன், வயரிங் வேலைக்குப் போகிற பொடியன். கடைசி ஆட்டத்தில் அவன் அடித்த கோலுக்குச் சீவரத்தினம் மைதானத்துக்குள் ஓடி, இடுப்பில் கட்டிய சாரம் அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் அவனைத் தூக்கிச் சுற்றினார். அந்த வீடியோவைப் பார்த்துக் கனடாவரை சிரித்தார்கள். அவருக்கு அதில் வெட்கமே இல்லை, பெருமைதான். இப்போது அந்தத் தனோஜனைப் புதுவெளி றேஞ்சர்ஸ் கேட்கிறது.

இந்த லீக்கில் காசு கொடுத்து ஆள் எடுக்க முடியாது. ஒரு கழகத்துக்கு ஆடுகிறவன் அந்த ஊரில் பிறந்தவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊரில் கலியாணம் கட்டிக் குடியிருப்பவனாக இருக்க வேண்டும். பணக்காரக் கழகங்கள் சின்னக் கழகங்களை விழுங்கிவிடக் கூடாதென்று பெரியவர்கள் கூடி யோசித்துப் போட்ட சட்டம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைமார் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம் என்பதால் இரண்டாவது பாதியையும் சேர்த்தார்கள். அந்தப் பாதியில் கிடந்த ஓட்டைக்குள்ளால் ஒருவன் லொறியே ஓட்டுவான் என்று யார் கண்டது? றேஞ்சர்ஸின் லண்டன் கிளைத் தலைவருக்குப் புதுவெளியில் ஒரு பெறாமகள், தம்பியின் மகள், இருக்கிறாள். அவளுக்கு வீடு இருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சந்தியில் அவருடைய ஹாட்வெயார் கடையில் நிரந்தர வேலையும் இருக்கிறது. தரகர் தனோஜனின் தாயிடம் இரண்டு தரம் வந்துபோய்விட்டார். மாத முடிவில் ஆட்டக்காரர் பதிவு முடிகிறது.

"அவங்களுக்கு லைற் போட்ட மைதானம், போய்வரச் சொந்த பஸ்," என்றான் செந்தூரன். சலூன் வைத்திருப்பவன், கழகத்துக்குத் தலைவனும் அவன்தான். "முதலாம் பிரிவிலை இருக்கிற எல்லாருக்கும் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எண்டு கிளை இருக்கு. எங்கடை ஊரிலையிருந்து போனதுகள் கோயிலுக்குத் தேர் செய்யக் காசு அனுப்புதுகள். பந்து வாங்க எண்டு கேட்டால் ஃபோனை வைச்சிடுதுகள்."

"இங்கிலாந்திலையும் உதுதான்," என்றார் செல்வநாயகம். கொழும்புத்துறையில் பிறந்து இந்த ஊரில் கலியாணம் கட்டியவர், ஒரு காலத்தில் கழகத்துக்குக் கோல் காத்தவர். "மேல் பிரிவிலை கடைசியா வாறவனுக்குக் கிடைக்கிற ரீவிக் காசு கீழ்ப் பிரிவிலை கோப்பை தூக்கிறவனுக்குக் கிடையாது. கஷ்டப்பட்டு ஏறுவான், அடுத்த வருசமே இறங்குவான். ஏன்? ஏத்திவிட்ட பெடியனை மற்றவன் தூக்கிக்கொண்டு போயிடுவான்."

"அப்ப ஒரு பேரம் பேசுவம்," என்றான் செந்தூரன். "போறவன் போகட்டும். பதிலுக்கு அவங்கள் எங்களுக்கு ரெண்டு கோலுக்கும் புது நெற்றும் பொடியளுக்குப் பூட்ஸும் தரட்டும்."

"பொடியனை வித்து நெற் வாங்கிறதோ? அந்த நெற்றுக்குள்ளை பிறகு ஆர் அடிக்கிறது, நீயோ?" என்று சீறினார் சீவரத்தினம்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. தான் நட்ட வெங்காயம் விலை விழுந்த வருடத்தில்கூட இப்படி எரிந்ததில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறதென்றால், உடைக்கிறவனைப் பிடித்து நாலு கேட்கவாவது வழியிருக்க வேண்டும். இவர்களோ வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து உடைக்கிறார்கள். என்னவென்று அடிப்பது?

"ஏன் கத்துறீர்?" என்றார் செல்வநாயகம். "நான் மட்டும் எப்பிடி வந்தனான்? கொழும்புத்துறைக்குக் கோல் காத்துக்கொண்டிருந்த என்னை இந்த ஊர் பொம்பிளையைக் காட்டித்தானே இழுத்தது. நீர்தான் முதல் ஆளா மாலையோடை வந்து நிண்டனீர்."

"அது வேறை, செல்வண்ணை. அது காதல்."

"காதலோ? என்ரை மனிசியின்ரை முகத்தை நான் மணவறையிலைதான் வடிவாப் பாத்தனான்." செல்வநாயகம் கள்ளை ஒரு மிடறு குடித்தார். "நான் சொல்லுறதைக் கேளும். உள்ளூரிலையே ஒரு பெட்டையைப் பேசிக் கட்டிவைச்சால் உவன் ஏன் புதுவெளிக்குப் போறான்?"

"அப்பிடிச் சொல்லுங்கோ!" சீவரத்தினம் எழுந்தே நின்றுவிட்டார். இவ்வளவு நேரமும் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே! முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். "பாலேஸ்வரி அக்காவின்ரை மூத்தவள் இருக்கிறாள் எல்லே?"

"அவள் கனடாவுக்குப் போயிட்டாள், அண்ணை," என்றான் செந்தூரன்.

"சங்கக் கடை மனேச்சற்றை கடைசிப் பெட்டை?"

"பிரான்சிலை பேசி முடிச்சாச்சு."

"உதயகலா?"

"அவள் இவனை விட ஏழு வயசு மூப்பு. அவளுக்கும் நோர்வேயிலை பாக்கினமாம்." செந்தூரன் கையை விரித்தான். "எங்கடை ஊரிலை கலியாண வயசு வந்தாலே ட்ரான்ஸ்பர்தான். மைதானத்திலை மட்டுமோ?"

செல்வநாயகம் போத்தலைத் தூக்கி, எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"உம்மடை மூத்தவள் கோபிகா இருக்கிறாள்," என்றார்.

சீவரத்தினம் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டதும் அவருக்கு முகம் கறுத்தது. "அவளுக்கு வேறை இடத்திலை பேசுறம். உங்களுக்கு ரெண்டு போத்தல் உள்ளை போனால் வாய்க்குப் பூட்டில்லை." செருப்பைத் தேடிக் காலில் கொழுவினார். "ஒருத்தரும் ஒண்டும் செய்ய வேண்டாம். நான் போய் அவனோடை கதைக்கிறன். நான் சொன்னால் பொடியன் கேப்பான்."

வேறு இடம் என்பது சுவிஸ். மனைவி பத்மாவதியின் தம்பி அங்கேயிருந்து கொண்டுவந்த சம்பந்தம். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை பகுதி அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறது. இதை அவர் தவறணையில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

தனோஜன் மைதானத்தில்தான் இருந்தான். மற்றப் பொடியன்கள் போய்விட்டார்கள். கோல் கம்பத்தடியில் குந்தியிருந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன், அவரைக் கண்டதும் எழும்பினான்.

"இரு, இரு," என்று சொல்லித் தானும் புல்லில் இருந்தார். வழி முழுக்க யோசித்து வந்த கதை. "தம்பி, காசு இண்டைக்கு வரும், நாளைக்குப் போகும். ஊர் அப்பிடியில்லை. நீ பத்து வயசிலை வெறுங்காலோடை இந்த நிலத்திலை ஓடினதை நான் பாத்தனான். உன்ரை முழங்கால் உரஞ்சினால் எனக்கு நோகும். அவங்களுக்கு நோகுமோ? அவங்களுக்கு நீ கோல் அடிக்கிற மிசின். எங்களுக்கு நீ பிள்ளை." சொல்லிக்கொண்டு போகையிலேயே அவருக்குக் கண் நிறைந்தது. நடிப்பில்லை. அந்தக் கண்ணீர் உண்மையான கண்ணீர்தான்.

தனோஜன் நாடாவை விரலில் சுற்றினான். "நான் அவைக்கு ஓம் எண்டு சொல்லேல்லை, அண்ணை."

"எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியுமடா!"

"அம்மாதான் ஒற்றைக் காலிலை நிக்கிறா. வாற சம்பந்தத்தை விட்டால் இந்த ஊரிலை உனக்கு ஆர் பொம்பிளை தரப்போயினம் எண்டு கேக்கிறா."

"ஏன் தராயினம்?" சீவரத்தினத்துக்கு ரோசம் வந்துவிட்டது. "குடியில்லை, சிகரெட் இல்லை, கை நிறையத் தொழில் இருக்கு. உன்னைப் போலப் பொடியன் எங்கை கிடைப்பான்? எந்த வீடு எண்டு மட்டும் சொல்லு. நான் போய்க் கதைச்சு முடிக்கிறன்."

தனோஜன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா," என்றான்.

அந்த அணியில் அத்தனை பேருக்கும் அவர் அண்ணைதான். மாமா என்று ஒருவனும் இதுவரை கூப்பிட்டதில்லை. சீவரத்தினத்துக்கு நெஞ்சில் பந்து வந்து அடித்த மாதிரி மூச்சு நின்றது.

"கோபிகாவுக்கும் விருப்பம். ரெண்டு வருசமா. சீதனம் ஒண்டும் எனக்கு வேண்டாம், மாமா. நீங்கள் ஓம் எண்டு சொன்னால் நான் எங்கையும் போகன்."

கோபப்பட வேண்டும் போலிருந்தது. யாரோடு கோபப்படுவது? சற்று முன் தன் வாயால் சொன்ன குணமெல்லாம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவருடைய கண்ணுக்கு வேறொன்றும் தெரியத் தொடங்கியது. மழை பெய்தால் வயரிங் வேலை இல்லை. முழங்கால் ஒருமுறை முறிந்தால் ஆட்டமும் இல்லை. அந்த முழங்காலைப் பற்றி அவர் எத்தனையோ ஆட்டத்தில் பதறியிருக்கிறார், அதன் விலையை ஒருநாளும் நினைத்ததில்லை. பத்மாவதி தம்பிக்கு என்ன பதில் சொல்லுவாள்? கோபிகா சுவிஸுக்குப் போனால் பின்னால் வருகிற இரண்டு பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும். ஊர் என்ன சொல்லும்? சுவிஸை விட்டுவிட்டு வயர்க்காரனுக்குக் கொடுத்தான் என்று இதே தவறணைதான் சிரிக்கும்.

ஓம் என்று ஒரு சொல்தான். அதைச் சொன்னால் கொன்றையடி முதலாம் பிரிவில் நிற்கும்.

"தம்பி," என்றார். "புதுவெளிச் சனம் நல்ல சனந்தான். கடை வேலை நிரந்தரம். வீடும் இருக்கு. அம்மாவும் வயசு போனவ." சாரத்தில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "வாற சம்பந்தத்தைத் தட்டக் கூடாது."

தரகர் வந்து சொன்னதும் இதே சொற்களாகத்தான் இருக்கும். அவருக்கே அது கேட்டது.

தனோஜன் பூட்ஸ் இரண்டையும் நாடாவால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டான்.

"ஓம் அண்ணை," என்றான்.

வீட்டுக்கு வந்தபோது பத்மாவதி குளித்துக்கொண்டிருந்தாள். கோபிகாதான் புட்டுப் போட்டுக் கொடுத்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், எப்போதும் பிள்ளைகளின் கதை ஏதாவது சொல்லிச் சிரிப்பவள். இன்று ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றாள்.

"தனோஜனைக் கண்டனீங்களோ அப்பா?"

"கண்டனான்."

"என்னவாம்?"

அவர் புட்டை விரலால் உதிர்த்தார். "போறானாம்," என்றார். "காசைக் கண்டால் ஆர் நிப்பினம், பிள்ளை? ஊராம், கழகமாம். எல்லாம் சும்மா. வீட்டைக் காட்டினதும் பின்னாலை போறான்." கோபம் கேட்டவுடன் வந்தது. பின்னேரம் முழுக்கத் தவறணையில் பாடமாக்கியதல்லவா, ஒரு சொல்லும் தட்டுப்படவில்லை.

கோபிகா தேங்காய்ப்பால் சொதிச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"அவர் இப்பதான் ஃபோன் எடுத்தவர், அப்பா," என்றாள். "நீங்கள் சொன்னதை அப்பிடியே சொன்னவர்."

சீவரத்தினம் தலையை நிமிர்த்தவில்லை. தட்டில் புட்டு வறண்டு கிடந்ததைக் கண்டு, அவள் வழமை போல அவருக்கு இன்னொரு அகப்பை சொதி விட்டாள்.