காத்திருக்காத லாரி

தளபதி புத்தகம் எழுதுகிறார் என்று ஊரில் பேச்சு. உண்மையில் எழுதுகிறவள் நான். ஓய்வு பெற்ற அந்த மனிதர் ஜன்னலோரம் நின்றபடியே சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். போர்க்களத்தில் உத்தரவு வாங்கியவன் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் நகரலாமாம். ஒரு சொல் விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார், பாம்புச் செவி.

மூன்று மாதமாகத் தலைமை, வீரம் என்று ஓடியது. சிப்பாய்கள் சாப்பிட்ட பிறகுதான் அதிகாரி தட்டில் கை வைக்க வேண்டும் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு வயிறு எரியும். என் அண்ணனை ராணுவத்தை விட்டுத் துரத்தியவர் இவர்தான். இவரை நேரில் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

அண்ணன் லாரி டிரைவர். படை பின்வாங்கிய நாளில், காயம்பட்டவர்களை ஏற்றிக்கொள்ளப் பாலத்தருகே காத்திருக்க வேண்டியவன், காலி வண்டியோடு வந்து சேர்ந்தான். பதினோரு பேர் அக்கரையிலேயே செத்தார்கள். தளபதியே போனில் கிளம்பச் சொன்னார், விசாரணையில் என்னை வாயே திறக்க விடவில்லை என்று எங்களிடம் அழுதான். பன்னிரண்டு வருடமாகப் பின்கட்டு அறையில் ரேடியோ பழுது பார்க்கிறான், தெருவில் இறங்குவதில்லை. அவனுக்காக நான் சண்டை போடாத ஆளில்லை. கூடி வந்த என் கல்யாணம்கூட அதில்தான் கலைந்தது.

புதன்கிழமை, கட்டுப்பாடு பற்றிய அத்தியாயம்.

"உத்தரவில்லாமல் ஒரு லாரி கிளம்பியது. பதினோரு பேர் இறந்தார்கள். கட்டுப்பாடு குலைய ஒருவன் போதும்," என்று சொல்லி நிறுத்தினார். "வாசிம்மா."

பொறுத்தது போதும் என்று எழுந்துவிட்டேன். "மாட்டேன் ஐயா. அந்த டிரைவர் என் அண்ணன். நீங்கதான் போன்ல கிளம்பச் சொன்னீங்க. அவன் அதைத் திருப்பியும் சொன்னான். பழியை மட்டும் அவன் தலையில கட்டிட்டு, இங்க தலைமையைப் பத்தி புத்தகம் போடறீங்க!"

வேலை போனது என்றே நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவன் அப்படியா சொன்னான்?"

"ஆமா. அன்னையிலேருந்து வீட்டை விட்டே வெளிய வர்றதில்ல."

மேஜைமேல் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "அந்தப் பத்தியை அடிச்சிடு. இப்படிப் போடு," என்றார். "லாரியைக் கிளம்பச் சொன்னது நான். ஓட்டுநர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார். பதினோரு பேரின் சாவுக்கும் நானே பொறுப்பு."

வாசித்தேன். ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்.

ஓட்டமும் நடையுமாக வந்து தாளை நீட்டினேன். "படிண்ணா. ஒத்துக்கிட்டாரு!"

இரண்டு தடவை படித்தான். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால் முகம் வெளிறிப் போயிற்று.

"போனே வரல, பாப்பா."

"என்னண்ணா சொல்ற?"

"குண்டு விழ ஆரம்பிச்சுது. பயந்துட்டேன், வண்டியை எடுத்துட்டேன். அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. பிறகுதான் உறைத்தது. தான் போன் செய்யவில்லை என்று அவரை விட யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான், ஆயுள் முழுக்கச் சேர்த்த பேரை என் அண்ணனுக்காகத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது அச்சுக்குப் போயிடுமா?" என்றான் அண்ணன்.

"வெள்ளிக்கிழமை போகுது."

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு என்னோடு கிளம்பினான். அவன் செருப்பு என்றோ மக்கிவிட்டது, அப்பாவுடையதை மாட்டியிருந்தான். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

தளபதி முன்னால் விறைப்பாக நின்றான். "யாரும் உத்தரவு போடல ஐயா. நானா ஓடி வந்தேன்."

"தெரியும். பன்னிரண்டு வருஷம் போதும்னு தோணிச்சு. நான் வயசானவன், எனக்கு இனி என்ன பேரு?"

"அந்தப் பதினோரு பேர் வீட்லயும் இதைப் படிப்பாங்க ஐயா. நீங்க கொன்னதா நினைப்பாங்க. அது பொய்."

தளபதி அவனையே பார்த்தார். பிறகு தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, என்னைப் புதுத் தாள் போடச் சொன்னார்.

"உன் பேரைச் சொல்லி ஆரம்பி," என்றார்.

அண்ணன் சொன்னான். நான் தட்டினேன்.