ஆறாத ஈயம்

டெல்மர் ப்ரூயிட் வார்த்த ஈயக் குண்டுகள் ஓர் அக்டோபர் மாதத்திலிருந்து ஆறுவதை நிறுத்திக்கொண்டன. அச்சிலிருந்து ஈரத் துண்டின்மேல் தட்டிக் கொட்டியவை மறுநாள் காலையிலும் அப்போதுதான் சுட்டெடுத்த உருளைக்கிழங்கின் சூட்டோடு கிடந்தன. வாளித் தண்ணீரில் போட்டால் தண்ணீர் குளிக்கப் பதமாயிற்று. பனியில் வைத்தால் பனி உருகிப் புல் தெரிந்தது. அமெரிக்காவில் மாண்டானா மலையடியிலுள்ள கோல்ட்டர் கிரீக்கில் அந்த வருடம் வைக்கோல் விலை ஏறியது, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியது, டெல்மரின் குண்டுகள் ஆறவில்லை.

அந்த ஊரில் மலைக்குப் போகிறவர்கள் கரடிக்காக மார்பில் பெரிய ரிவால்வர் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். சுண்டுவிரல் நுழைகிற குழல், ஒரு கையால் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிற கனம். அதற்குக் கடைத் தோட்டாவைவிட டெல்மர் கட்டிய தோட்டாதான் நல்லது என்பது ஊரின் நம்பிக்கை. அது வீண் நம்பிக்கையும் அல்ல. டயர் கடையில் கழித்துப் போட்ட ஈயக் கட்டிகளை வாங்கி வந்து இரும்புச் சட்டியில் உருக்குவார். ஒரு துண்டு மெழுகுவத்தியைப் போட்டுக் கிளறி, மேலே வரும் கசடைக் கரண்டியால் வழித்துவிட்டு, கண்ணாடிபோல் மின்னுகிற ஈயத்தை அச்சில் ஊற்றுவார். ஆறிய குண்டுகளின் இடுப்புப் பள்ளத்தில் தேன்மெழுகு தடவுவார். பித்தளைக் கூடுகளுக்கு அடியில் தட்டினால் பொறி விடுகிற கேப் பொருத்தி, வெடிமருந்து அளந்து போட்டு, மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்துவார். கடைசியாக ஒரு வேலை உண்டு. குண்டை வைத்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து, மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. அதைச் செய்யாமல் அவர் ஒரு தோட்டாவைக்கூட மூடியதில்லை. அந்தக் கோடையில் மட்டும், மனைவி ஓபலின் ஒன்றுவிட்ட தம்பி பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வந்து, பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் டார்ச்சை எடுக்க டெல்மருக்கு ஒரு மாதிரி இருந்தது. என் கை தப்பாது என்று சொல்லிச் சிரித்துவிட்டு மூடினார். அந்தப் பெட்டி ஐனார் லோஃப்ட்ஹஸுக்குப் போனது.

ஐனார் டெல்மரின் சிறுவயதுத் தோழர். வேட்டைக்கு வருகிற வெளியூர்க்காரர்களைக் கோவேறு கழுதைகளில் மலைக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். செப்டம்பர் கடைசியில், சுட்டுத் தொங்கவிட்டிருந்த மானை எடுக்கப் போனபோது புதரிலிருந்து கரடி வந்தது. ஐனார் ரிவால்வரை எடுத்து நீட்டி விசையை அழுத்தினார். அது மருந்தில்லாத தோட்டா. கேப் மட்டும் பொட்டு வெடிபோல் வெடித்து, குண்டைக் குழலின் வாய்க்குள் பாதி தள்ளிவிட்டு அடங்கியது. குண்டு அங்கே சிக்கியதால் தோட்டா உருளை சுழலாமல் பூட்டிக்கொண்டது. கரடி அவருடைய வலது கையைக் கவ்வி, உலுக்கி, போதுமென்று தோன்றியதும் விட்டுவிட்டுப் போனது. அவர் கூட்டிவந்து மேட்டில் நிறுத்தியிருந்த ஒஹாயோ வேட்டைக்காரர்கள் பார்த்தது ஒன்றுதான்: ஆள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார், சத்தம் வரவில்லை.

அவரைத் தூக்கிவரப் போன கூட்டத்தில் டெல்மரும் இருந்தார். புதருக்கடியில் கிடந்த ரிவால்வரை அவர்தான் எடுத்தார். எடுத்ததுமே புரிந்துவிட்டது. கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஐனாரை ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் கொண்டுபோன நேரத்தில், டெல்மர் தன் பட்டறையில் பித்தளைக் கம்பியை விட்டுக் குண்டைத் தட்டி எடுத்தார், வெறும் கூட்டைக் கழற்றினார், அந்த இடத்தில் நல்ல தோட்டா ஒன்றைப் போட்டார். வனவிலங்கு அதிகாரி வந்து கேட்டபோது துப்பாக்கியைத் திறந்து காட்டினார். உருளை நிறைய, சுடாத தோட்டாக்கள். டெல்மர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேட்டதைக் காட்டினார், அவ்வளவுதான்.

ஐனாருக்குத் துப்பாக்கியைத் தூக்கியதுவரைதான் நினைவிருந்தது. கட்டிலில் படுத்தபடி, "கைகால் ஓடாம நின்னுட்டேன் போலடா" என்று டெல்மரிடம் சொன்னார். டெல்மர் அவர் வாயில் காப்பிக் குவளையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் வர்றதுதான், விடு" என்றார். செய்தது எல்லாவற்றையும்விட, பின்னாளில் அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால்தான் அவருக்கு உடம்பு கூசியது.

ஊர் விடவில்லை. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஐனார் பாருக்கு வந்த முதல் நாளே, சாமான் கடை லைல் கட்டர், "என்ன ஐனார், கரடிக்குக் கை குடுத்துட்டு வந்தியாமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஐனாரும் சிரித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த டெல்மர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதற்கடுத்த நாள் ஈயச் சட்டியை ஏற்றியபோதுதான் குண்டுகள் ஆறாமல் போயின.

தேன்மெழுகு அவற்றின்மேல் நிற்காமல் வழிந்தது. அச்சை மாற்றினார், ஈயத்தை மாற்றினார், பலனில்லை. ஒரு வாளி நிறைய எடுத்துப்போய் ஆற்றில் கொட்டினார். அந்த வளைவில் மட்டும் ஆறு உறையவில்லை. தெற்கே போக வேண்டிய வாத்துகள் அங்கேயே தங்கிவிட்டன. வாத்தைப் பார்க்க வந்தவர்கள் காரணம் தெரிந்து, பட்டறைக்கு வந்தார்கள். அதன்பின் தடுக்க முடியவில்லை. காலுறைக்குள் போட்டுக்கொள்ள, கோழி முட்டைக்கு அடியில் வைக்க, உறைந்த குழாயில் கட்ட என்று ஆளுக்கொரு பை கொண்டுபோனார்கள். ஓபல் ரொட்டி மாவுப் பாத்திரத்துக்கு அடியில் நாலைந்தைப் பரப்பி வைத்தாள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் டெல்மரின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். முன்வரிசையில் இருந்த டெல்மர் தலைகுனிந்ததைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஐனாரிடம் வேட்டைக்காரர்கள் வருவது நின்றது. கழுதைகளை விற்றுவிட்டு, தங்கை சிக்னே நடத்திய சாப்பாட்டுக் கடையில் ஒரு கையால் தட்டு கழுவினார். குளிர் ஏற ஏற, இல்லாத கை விறைத்தது. இருக்கிற கை விறைத்தால் நெருப்பில் காட்டலாம், இல்லாததை எங்கே காட்டுவது? சிக்னே கேட்டு அனுப்பினாள். டெல்மர் ஒரு கம்பளிக் காலுறையில் குண்டுகளை நிரப்பித் தானே எடுத்துக்கொண்டு போனார். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, கடையில் அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். ஐனார் காலுறையை மொட்டைக் கையில் அணைத்துக் கண்ணை மூடினார். முகத்தில் வலி இறங்குவது தெரிந்தது.

"இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா எனக்கு ஒத்தாசை" என்றார்.

டெல்மர் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐனார், நீ சுட்ட."

"என்னது?"

"விசைய அழுத்தின. கேப் மட்டும் வெடிச்சுது. உள்ள மருந்து இல்ல. நான் போடல."

சிக்னே துடைத்துக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்தாள். ஐனார் காலுறையை மேசைமேல் இறக்கி வைத்தார்.

"அப்ப நான் பயந்து நிக்கல."

"இல்ல."

"குண்டு?"

"குழல்ல மாட்டிக்கிச்சு. நான்தான் தட்டி எடுத்தேன்."

"எப்போ?"

"உன்னைய ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிருந்தப்ப."

ஐனார் தலையாட்டினார். குரல் உயரவில்லை. "கை போனதுக்கு உன்மேல எனக்கு ஆத்திரம் இல்லடா. எவன் கையும் ஒரு நாளைக்குத் தப்பும். அவனுங்க சிரிச்சப்ப நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியப் பாத்து என்னைய நானே துப்பிக்கிட்டேன். அத உக்காந்து வேடிக்க பாத்தியே, டெல்மர்."

டெல்மர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழம மத்தியானம் பாருக்குப் போ. எல்லாரும் இருக்கறப்ப சொல்லு. அதுக்கப்பறம் என் மேசைப் பக்கம் வராத."

காலுறையைத் திரும்பக் கேட்பதா வேண்டாமா என்று டெல்மர் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும்" என்றார் ஐனார்.

சனிக்கிழமை டெல்மர் சொன்னார். டார்ச் அடிக்காததிலிருந்து ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தைவரை எதையும் விடவில்லை. ஓபலும் அதை அங்கேதான், மற்றவர்களோடு சேர்ந்துதான் கேட்டாள். லைல் கட்டர், இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்டார். டெல்மரை யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகப் பணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த வாரத்திலேயே முன்பு ஐனாரைப் பார்த்துச் சிரித்தவர்களின் தூண்டில் ஈயங்கள் பெட்டிக்குள் சூடாகின. நிறுத்தி வைத்திருந்த அவர்களுடைய லாரிகளின் சக்கரங்களில், ஆடாமல் ஓடுவதற்காகப் பொருத்திய ஈயத் துண்டுகளும் சூடாகி, சக்கரத்தைச் சுற்றிப் பனி உருகி வட்டம் வட்டமாக மண் தெரிந்தது. யார் யார் சிரித்தார்கள் என்பது தெருவில் நடந்துபோன எவருக்கும் தெரிந்தது. லைல் கட்டர் ஒவ்வொரு காலையும் மண்வெட்டியால் அந்த வட்டங்களில் பனியை அள்ளிப் போட்டு மூடினார். மதியத்துக்குள் மறுபடி மண் தெரிந்தது. வசந்தம் வருவதற்குள் அவரும் மூடுவதை விட்டுவிட்டார்.

சொல்லிவிட்டால் ஈயம் ஆறிவிடும் என்று டெல்மர் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தார். ஆறவில்லை. அதன்பின் அவர் ஒரு தோட்டாவும் கட்டவில்லை, குண்டு மட்டும் வார்த்தார். மார்ச் மாதப் பனியில் ஈன்ற கன்றுகளுக்கு அடியில் பண்ணைக்காரர்கள் அவற்றைப் பரப்பினார்கள். அதனால் அந்தப் பக்கத்தில் கன்று சாவது குறைந்தது. ஓபல் கொஞ்ச காலம் மாவை வெறும் மேசையில் வைத்துப் பொங்கவிட்டாள், பிறகு பழையபடி செய்தாள். ஐனார் இடது கையால் சுடப் பழகி, கழுதைகளைத் திரும்ப வாங்கி, கடைத் தோட்டாக்களோடு மலையேறினார். ஒஹாயோக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு வந்தபோது அவர்களிடம் இரட்டிப்புக் கூலி வாங்கினார். டெல்மரோடு ஒரே மேசையில் அவர் பிறகு சாப்பிட்டதேயில்லை.

ஆனால் ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழுந்ததும் பட்டறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார்.

"ஆறிடுச்சா?"

"இல்ல."

ஐனார் இடது கையை நீட்டி, டெல்மர் வாசலுக்குக் கொண்டுவந்த வாளியிலிருந்து ஒரு குண்டை எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். "சரி, போடு" என்று காலுறையின் வாயைப் பல்லால் கடித்து விரித்துப் பிடிப்பார். டெல்மர் அது நிறையும்வரை போடுவார்.