இடக்கைக்கு வந்த பந்து

“வையுங்கோ அதை. செத்தவன்ரை சாமான்—”

“ஆர் செத்தது எண்டு உமக்கு ஆர் சொன்னது? மற்றதெல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு. ஒண்டுக்கை விரல் போகுதில்லை, இன்னொண்டுக்கை—”

“இன்னொண்டுக்கை போன விரல் திரும்பி வரேல்லை எண்டு கத்தினனீங்கள்.”

“கத்தேல்லை. கூப்பிட்டனான். இஸ்மாயில் சவர்க்காரம் போட்டு இழுத்துவிட்டார். கதையை மாத்தாதேயும்.”

ஞானாம்பிகை தரை துடைத்த ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். வெள்ளைக்காரர் பினாங்கை விட்டுப் போகும்வரை இந்தக் கூடத்தில் அவர்களைத் தவிர யாரும் பந்து உருட்டிக் கட்டை வீழ்த்தியதில்லை. இப்போது துறைமுகக் கந்தோரும் இந்தக் கிளப்பும் ஜப்பானிய அதிகாரி மொரிதாவின் கையில் இருந்தன. சக்கரவர்த்தியின் பிறந்தநாளன்று கந்தோர்க்காரர்கள் அவரோடு போட்டிக்குப் பந்து உருட்ட வேண்டும். அதற்கு முன் அவர்களுடைய மனைவிமார் கூடத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டும். இரண்டும் உத்தரவு. தன்னை வெல்கிறவன் தன்னிடம் ஒன்று கேட்கலாம், கேட்டதைக் கொடுப்பேன் என்றும் மொரிதா சொல்லியிருந்தார். அது உத்தரவு இல்லை. ஆனால் அவள் கணவர் பரமநாதனின் வீட்டில் அதற்குப் பிறகு வேறு பேச்சு இல்லை.

ஞானாம்பிகையின் ஒரே தம்பி விஸ்வலிங்கம் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில், ஒரு ரயில் கொட்டகைக்குள் அடைபட்டிருந்தான். வேலை தருகிறோம் என்று கூட்டிப்போய் அடைத்துவிட்டார்கள். கொண்டாட்டம் முடிந்ததும், ரயில்பாதை போட, சயாமுக்கு ரயில். சயாமுக்குப் போனவர்களில் யாரும் இதுவரை திரும்பி வந்ததாக அவள் கேள்விப்படவில்லை.

கந்தோரில் கிராணியாக எழுத்து வேலை பார்த்த பரமநாதன் அதுநாள்வரை உருட்டியிருந்ததெல்லாம் மேசையில் பேனாவைத்தான்.

“கிராணி ஐயா, நான் சொல்றதக் கேளுங்க,” என்றார் இஸ்மாயில். துரைமார் காலத்திலிருந்து அங்கே கட்டை அடுக்கி நிறுத்துகிறவர். வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம். “பாரமாப் பாத்து எடுத்தா கட்டை விழும்னு நெனக்கிறீங்க. தோள்பட்டைதான் விழும். வெரல் லேசாப் போகணும், லேசா வரணும். அம்புட்டுத்தான்லா.”

“இது போகுது. வருது. கொஞ்சம் ஒரு பக்கமாய்ச் சரியுது, அவ்வளவுதான்.”

“அதத் தவுத்து வேற எதானாலும் எடுங்க.”

“ஏன்?”

“ஹார்க்னஸ் துரையோட பந்து அது. மத்ததோட வைக்க விடமாட்டாரு. துண்டுல சுத்தித் தனியா வைக்கணும்.”

“அவர் இப்ப எங்கை?”

“துரைமாரெல்லாம் ஓடுன அன்னைக்கு அவங்களோட கப்பல் ஏறுனாரு. அவரு ஏறுன கப்பல் கரை சேரல.”

“பார்த்தியளே,” என்றாள் ஞானாம்பிகை. “நான் சொன்னனா இல்லையா? அந்தியேட்டி செய்யிறதுக்கும் ஆளில்லாமல் கடலோடை போன மனுசன். சாவுத் துடக்குக் கழியாத சாமான்.”

“துடக்குப் பார்த்துக்கொண்டு நில்லும். அங்கை விசு ரயில் ஏறுவான். உமக்கு எது வேணும்?”

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யார் எந்தப் பந்தை எடுத்தார்கள் என்று பார்க்க மொரிதா வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க முடியாது. கணவரும் அந்தப் பந்தைத் தவிர வேறு எதையும் தொடுவதாயில்லை.

“சரி,” என்றாள் அவசரமாக. “எடுக்கிறதெண்டால் இடக்கையாலை எடுங்கோ. சோறு தின்னுற கை, திருநீறு பூசுற கை. அதிலை அந்தத் துடக்குப் படவேண்டாம்.”

“இடக்கையாலை நான் என்னத்தை உருட்டுறது?”

“எடுத்துப் பாருங்கோவன்.”

எடுத்துப் பார்த்தார். வலக்கையில் சரிந்த பந்து இடக்கையில் சரியவில்லை. பழகிய செருப்புக்குள் கால் நுழைவதுபோல இரண்டு விரலும் இரண்டு துளைக்குள்ளும் இறங்கின. பரமநாதன் கையை முன்னும் பின்னும் ஆட்டினார்.

“இஞ்சேர், பாரமே தெரியேல்லை.”

இஸ்மாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மொரிதா உள்ளே வந்துவிட்டதால் எல்லோரும் குனிந்தார்கள், அவரும் குனிந்தார்.

“அதுவா உன் பந்து?” மொரிதாவின் ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாக வரும். “நல்லது. எடுத்தது எடுத்ததுதான். போர்வீரன் வாளை மாற்றுவதில்லை. வீட்டுக்குக் கொண்டு போ. பழகு.”

வீட்டின் பின்வளவில் பரமநாதன் வெறும் பால்டின்களை அடுக்கிவைத்துப் பழகினார். முதல் உருட்டிலேயே எல்லா டின்னும் விழுந்தன. மறுபடி அடுக்கினார். மறுபடி விழுந்தன.

“படிச்ச கை மாதிரிக் கிடக்குது,” என்று சிரித்தார். “இத்தனை நாளும் வேலை குடுக்காமல் வைச்சிருந்திட்டன்.”

ஞானாம்பிகையும் சிரித்தாள். விசு பிடிபட்ட பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. பந்தை அவள் குசினி மூலையில், சாக்குக்கு அடியில் வைத்தாள்.

காலையில் பந்து முன்வாசலில் கிடந்தது.

“நீங்களே எடுத்து வைச்சனீங்கள்?”

“எதை?”

“பந்தை. வாசற்கதவோடை ஒட்டிக்கொண்டு கிடக்குது.”

“நிலம் சரிவாய் இருக்கும்.”

“எங்கடை வீட்டு நிலம் குசினிப் பக்கம்தான் சரிவு. வாசலிலை தண்ணி ஊத்தினால் அடுப்படிக்குத்தான் வரும்.”

“அப்ப எலி.”

“எலி உருட்டுற சாமானே அது?”

“பினாங்கு எலியை உமக்குத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு அவர் சட்டை மாட்டப் போனார்.

அவள் குனிந்து பந்தைத் தூக்கினாள். துளைகளிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது. மழை பெய்து பல நாளாகிறது. கையை முகர்ந்து பார்த்தாள். படகுத்துறையில் நின்றால் வரும் வாடை. துளைகளைத் துணியால் துடைத்து, பந்தைச் சாக்குக்கு அடியில் வைத்து, சாக்கின்மேல் அம்மிக்குழவியையும் வைத்தாள். மறுநாள் காலை குழவி வைத்த இடத்திலேயே இருந்தது. பந்து வாசலில் இருந்தது. துளைகள் நிரம்பியிருந்தன.

அதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார், பயந்த கை எதை வெல்லும்?

அன்று மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கையும் கருவாட்டுக் குழம்பையும் தட்டில் போட்டு வைத்தாள். அவர் பிசைந்து தின்னத் தொடங்கினார்.

“எந்தக் கையாலை தின்னுறியள்?”

பரமநாதன் தன் கையைப் பார்த்தார். பக்கத்து இலைக்காரனின் கையைப் பார்ப்பதுபோல. பிறகு இடக்கையை எடுத்துவிட்டு வலக்கையைத் தட்டில் வைத்தார். அந்தக் கைக்குக் கிழங்கைப் பிடிக்கத் தெரியவில்லை. வாய்வரை போவதற்குள் பாதி மடியில் விழுந்தது.

“களைப்பு,” என்றார்.

அடுத்த நாள் திருநீற்றுத் தட்டில் இடக்கை இறங்கியபோது அவள் தட்டைப் பறித்தாள்.

“அந்தக் கையாலை பூசாதேங்கோ.”

“எந்தக் கை?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ஞானாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிவாசல் சாலைக்கு நடந்தாள். அங்கிருந்த சோற்றுக்கடையில் யுத்தத்தால் அப்போது சோறு கிடையாது; கிழங்கும் மீன்தலைக் குழம்பும்தான். இஸ்மாயில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பாலில்லாத காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“இஸ்மாயில் அண்ணை, அண்டைக்கு என்னவோ சொல்ல வந்தனீங்கள்.”

“என்னைக்கு, தங்கச்சி?”

“அவர் பந்தை இடக்கையாலை எடுக்கேக்கை.”

இஸ்மாயில் குவளையைக் கீழே வைத்தார்.

“துரை பீச்சாங்கைக்காரர். திங்கிறது, எழுதுறது, உருட்டுறது எல்லாம் அந்தக் கைதான். பந்துல ஓட்டையே அந்தக் கைக்குத்தான் போட்டது. சோத்துக்கையால எடுத்தா சரிஞ்சு போகும், யாருக்கும் ஒதவாது. கிராணி ஐயா சோத்துக்கையால எடுத்தவரைக்கும் நான் பயப்படல.”

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் சொன்னனான். இடக்கையாலை எடுங்கோ எண்டு.”

“தெரிஞ்சா சொன்னீங்க?”

“அந்த மனுசன் எப்பிடி ஆள்?”

“கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். அடிச்சதில்ல, வஞ்சதில்ல. பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு, அவ்வளவுதான். ‘யூ தேர்’, ஏய் நீங்கிற மாதிரி. எனக்கும் யூ தேர், சமையக்காரருக்கும் யூ தேர், அவரு நாய்க்கும் அதேதான். இத்தன வருசம் கட்டை அடுக்கிக் குடுத்தேன். என் பேரு இஸ்மாயில்னு அவருக்குத் தெரியாது. கேக்கவே இல்லலா.”

“பந்தைக் கொண்டுவந்து உங்களிட்டைத் தரட்டே?”

“தரலாம். மொரிதா எங்கன்னு கேப்பான். அப்புறம் ஒங்க தம்பி?”

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

பரமநாதன் கதிரையில் இருந்தார், மடியில் பந்து. இடக்கை அதைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: வாசல், தண்ணீர், துரையின் கை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நாளைக்குத்தானே போட்டி,” என்றார். “முடிஞ்ச கையோடை கொண்டுபோய்க் கடலிலை போடுறன்.”

“ஒரு நாள்தானே?”

“ஒரு நாள்தான், இஞ்சேர். பயப்படாதேயும்.”

அந்த ‘இஞ்சேர்’ அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் ‘இஞ்சருங்கோ’ என்பதோடு சரி; கணவர் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குப் பேர்கள் மறந்துகொண்டு போனால் யாருக்குத் தெரியும்? இரண்டு நாளாக அவர் ‘விசு’ என்று சொல்லவில்லை, ‘அவன்’ என்றுதான் சொன்னார் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பிறந்தநாள் காலை, கூடத்தில் சூரியக்கொடி கட்டியிருந்தார்கள். மனைவிமார் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மற்றக் கிராணிமார் உருட்டியதில் பாதி ஓரப் பள்ளத்தில் விழுந்தது. மொரிதா நன்றாக உருட்டினார். ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு கட்டைதான் மிஞ்சும்.

பரமநாதன் பந்தைத் தூக்கினார். உருட்டுமுன் இடுப்பில் அதை மெல்லத் தட்டினார். பலகைப் பாதையின் மறுமுனையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த இஸ்மாயில் கையிலிருந்த கட்டையைத் தவறவிட்டார். பிறகு துடைப்பத்தை எடுக்கிற சாக்கில் சுவரோரம் வந்தார்.

“இடுப்புல தட்டுனாரு, பாத்தீங்களா?”

“ஓம். வீட்டிலை அப்பிடிச் செய்யேல்லை.”

“அது துரை பழக்கம்,” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

பந்து ஓசையில்லாமல் போனது. கட்டைகள் எல்லாம் விழுந்தன. திரும்பவும் விழுந்தன. பலகைமேல் பந்து போன தடம் ஈரமாக மின்னியது. அவளே முழங்காலில் நின்று துடைத்துக் காயவிட்ட பலகை.

கடைசிக் கட்டையும் விழுந்தபோது கிராணிமார் கைதட்டலாமா என்று மொரிதாவைப் பார்த்தார்கள். மொரிதாவே தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஞானாம்பிகைக்குக் கண் நிறைந்துவிட்டது. விசு வீடு திரும்பப் பிறைத்துறையில் படகு ஏறுவதை அவள் அங்கே நின்றே மனதில் கண்டாள்.

“வென்றாய்,” என்றார் மொரிதா. “ஒன்று கேள்.”

பரமநாதன் நெற்றியைத் துடைத்தார். ஆங்கிலத்தில் சொன்னார். கந்தோரில் அவர் பேசுகிற ஆங்கிலம் அல்ல அது. மூக்கால் வருகிற, அவசரமில்லாத, துரைமாரின் ஆங்கிலம்.

“கப்பல் எத்தனை மணிக்கு?”

கிராணிமார் பகிடியென்று நினைத்துச் சிரித்தார்கள். மொரிதா சிரிக்கவில்லை.

ஞானாம்பிகை வரிசையை விட்டு வெளியே வந்தாள். குனிந்து வணங்கினாள். கான்வெண்டில் படித்த ஆங்கிலத்தைத் தேடி எடுத்தாள்.

“ஐயா, என் தம்பி பிறையில் இருக்கிறான், சயாமுக்குப் போகிற ஆட்களோடு. அவனை விடச் சொல்லிக் கேட்கத்தான் இவர் வந்தார்.”

“நீயா வென்றாய்?”

“இல்லை, ஐயா.”

“வென்றவன் கேட்கட்டும். அவன் வாயால் பெயரைச் சொல்லட்டும். சொன்னால் இப்போதே ஆள் அனுப்புகிறேன். நீ சொல்லிக் கொடுக்கக் கூடாது.”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சருங்கோ. கேளுங்கோ. எங்கடை பிள்ளையைக் கேளுங்கோ. நீங்கள் சைக்கிள் பழக்கினனீங்கள், உங்கடை சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவான்—”

பரமநாதன் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, அன்பும் இல்லை, மரியாதையாகத்தான் பார்த்தார். பந்தைத் துடைத்த ஈரத்துண்டை இடக்கையால் அவள் பக்கம் நீட்டினார்.

“யூ தேர்,” என்றார்.

மறுமுனையில் இஸ்மாயில் நிமிர்ந்தார்.

ஞானாம்பிகை துண்டை வாங்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த அவருடைய வலக்கையைத்தான் பிடித்தாள். சோறு தின்கிற கை, திருநீறு பூசுகிற கை, அவள் காத்துவைத்த கை. அது குளிர்ந்துபோய், வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல விரல்நுனி சுருங்கியிருந்தது. இரண்டு கையாலும் அதை இறுக்கிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் வாயில் எடுக்காத பேரை எல்லோர் முன்னாலும் எடுத்தாள்.

“பரமநாதன், என்ரை தம்பிக்கு என்ன பேர்?”