அறுபத்திரண்டு சதவீதம்

போன வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு நான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியபோது, உள்ளறையில் என் மகள் கிருத்திகாவின் லேப்டாப் அறுபத்திரண்டு சதவீதத்தில் இருந்தது. எதில் அறுபத்திரண்டு என்று எனக்குத் தெரியாது. அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

முதலமடையில் இடிச் சத்தம் கேட்டால் முதலில் ஃபியூஸைப் பிடுங்குவோம். காயப்போட்ட துணியெல்லாம் அப்புறம்தான். தொண்ணூற்றெட்டில் ஒரு கோடை இடி ஒயர் வழியாக இறங்கி, எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த ஆறு முட்டையையும் அவித்துவிட்டுப் போனது. உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். ஊரில் யாரும் நம்புவதில்லை.

“ஏனுங்கப்பா கரண்ட்ட நிறுத்துனீங்க?”

“இடி இடிச்சுது கண்ணு.”

“வானத்தப் பாருங்க. பொட்டு மேகமில்ல.”

பார்த்தேன். பக்கத்துத் தோப்பில் மாங்காய் லாரிக்குள் காலிப் பெட்டிகளை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் இடி மாதிரித்தான் விழுந்தது.

முந்தின நாள் லேப்டாப் தானாகவே புது பயாஸை, மெஷினை எழுப்பிவிடும் புரோகிராமாம், அதைப் போட்டுக்கொண்டதில் கேமரா காணாமல் போயிருந்தது. மூன்று மணிக்கு ஐதராபாத் கம்பெனிக்காரர்கள் வேலைக்காக அவளை முகம் பார்த்துப் பேச வேண்டும். பொள்ளாச்சி ரிப்பேர்க்காரன் தனபால் பழைய பயாஸைப் பென் டிரைவில் கொடுத்திருந்தான். பேட்டரி உப்பிப்போய்க் கழற்றியாகிவிட்டது, கரண்டில்தான் ஓடுகிறது. மத்தியானம் பழையதை ஏற்றும் அரைமணி நேரம் மெயினைத் தொடாதீர்கள், பாதியில் நின்றால் லேப்டாப்பே செத்துவிடும் என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தாள். தலையாட்டினேன்.

ஐதராபாத் வெயிலில் ஆளின் நிழல் ரோட்டில் ஒட்டிக்கொள்ளும், உரித்தெடுக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று போன வாரம் நான் சொன்னபோது சிரித்தாள். இப்போது சிரிக்கவில்லை.

“போக வேண்டாம்னு நேராவே சொல்லியிருக்கலாமுங்கப்பா.”

“நான் அப்படி நெனைக்கல கண்ணு” என்றேன். ஆறு முட்டையைச் சொல்லும் அதே குரலில்தான் அதுவும் வந்தது.

கட்டையைத் திரும்பச் சொருகியும் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. தனபால் போனில் வந்தான். “பென் டிரைவச் சொருகிட்டு, நாஞ் சொல்ற ரெண்டு கீயையும் அமுக்கிப் புடிச்சுப் பவரப் போடுங்கக்கா. வந்தா வரும். இன்னொருக்கா கரண்ட் போச்சுன்னா எங்கிட்டக் கொண்டாராதீங்க.”

இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாம் முறை லேப்டாப்புக்குள் விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு. நான்கு சதவீதம். மணி இரண்டே கால்.

நான் மெயின் போர்டுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காவலுக்கு என்றேன். அவள் உள்ளறைக் கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள்.

முப்பத்தொன்று என்று அவள் முணுமுணுத்தபோது தெற்கே மலைப்பக்கம் ஒரு சத்தம் உருண்டது. லாரி ஒரு மணிக்கே போய்விட்டிருந்தது. என் கை தானாக மேலே போனது. அவள் திரையை விட்டு என்னைப் பார்த்தாள்.

கையை இறக்கினேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். இடி என்று இந்த முறை சொல்லவில்லை.

அடுத்தது தோப்புக்கு மேலேயே இறங்கியது. பல்பு ஒரு தடவை மங்கி, மறுபடி எரிந்தது. லேப்டாப் விசிறிச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் என் கைகள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.